மாலையோடு ஓடிய இயந்திரம்

1

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு இயந்திரங்களுக்கு மாலை போடக்கூடாது என்று எங்கள் தொழிற்சாலையில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். மலாயில் இருந்தது, ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் மட்டும் இல்லை. இத்தனைக்கும் இங்கே மாலை போடுகிறவர்கள் நாங்கள்தான். சீனர்களுக்கு வாசலில் டத்தோ சாமி மாடம் இருக்கிறது. அதற்கு ஊதுபத்தி கொளுத்தக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை.

படித்ததும் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி, இதனால் யாருக்கு என்ன லாபம் என்பதுதான். என் புத்தி அப்படி. "காலை வணக்கம்" என்று ஒருவர் சிரித்தால், நேற்றெல்லாம் சிரிக்காதவர் இன்று ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். என் மனைவி பாக்கியம் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவள். "கோயில்ல துன்னூறு குடுத்தாகூட இதுல என்னா கலந்திருக்குன்னு கேக்கற ஆளு லா நீங்க" என்பாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

கோயம்புத்தூரிலிருந்து இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. டத்தோ கிராமாட்டில் வீடு. தினமும் கடல்பாலத்தைக் கடந்து அக்கரையில் ஜுருவுக்கு வேலைக்குப் போகிறேன். கார்களுக்கான தகடுகளை அச்சில் வைத்து அழுத்தி எடுக்கும் சின்னத் தொழிற்சாலை அது. பிரஸ் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதும் அச்சு மாற்றுவதும் என் பொறுப்பு. அந்த அறிவிப்புக்குப் பின்னால் போன வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது. ஊரில் இருக்கும் உங்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2

போன வருஷம் ஒரு நாள் மத்தியானம் எங்கள் தவுக்கே என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தவுக்கே என்றால் முதலாளி. பெயர் லிம். கெட்ட மனிதர் இல்லை. தீபாவளிக்கு ஆரஞ்சுப் பெட்டி அனுப்புவார், கருமாதி வீட்டுக்கு நேரில் வருவார். அவருக்குக் கொஞ்சம் தமிழும் வரும்.

"மணி, உக்காரு. டீ குடி" என்றார்.

இருபது வருஷத்தில் அந்த அறையில் நான் நின்றுதான் பேசியிருக்கிறேன். சோழியன் குடுமி சும்மா ஆடாது. டீயை வாங்கினேன், குடிக்கவில்லை.

இப்போது சட்டம் மாறிவிட்டதாம். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடமானாலும், பாதுகாப்பைக் கவனித்துக்கொள்ள முதலாளி ஒருவரை நியமிக்க வேண்டுமாம். அந்த ஒருவராக என்னை எழுதியிருக்கிறார்களாம்.

"நீ பழைய ஆளு. உன்ன நான் நம்புறேன் லா" என்றார் லிம்.

நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களிடம்தான் நான் வாழ்க்கையில் அதிகம் ஏமாந்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாலத்தின் மேல் இதே யோசனை. ஒரு கை போனால் யார் தலை உருளும்? இதுவரை லிம்முடைய தலை. நாளையிலிருந்து என் தலை. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்கும் முதலில் மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மரியாதைதான் செய்வார்கள்.

3

என் சந்தேகம் இந்த ஊரில் பிடித்த நோயில்லை. பீளமேட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொண்ட காலத்திலேயே ஒட்டிக்கொண்டது. தொழிற்சாலை ஆய்வாளர் வரப்போகிறார் என்றால் எங்களுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். பீரோவைத் திறந்து கையுறைகளை வெளியே எடுப்பார்கள். புத்தம் புதியவை, பிளாஸ்டிக் வாசனை கூடப் போகாதவை. போட்டுக்கொண்டு நிற்போம். அதிகாரி வருவார், முதலாளி அறையில் காப்பியும் மைசூர்பாகும் சாப்பிடுவார், போவார். அவர் ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் கையுறைகள் பீரோவுக்குத் திரும்பிவிடும்.

பிரஸ் பட்டறைக்காரனுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் கையைத்தான் பார்ப்பார்கள். என் அக்காவுக்கு வந்த வரன் ஒருவர், காப்பி டம்ளரை வாங்கும்போது இடது கையை மடிக்குள்ளேயே வைத்திருந்தார். என் அப்பா எதுவும் கேட்கவில்லை. பேச்சை மழை பக்கம் திருப்பிவிட்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. அந்த மனிதரின் விரல்கள் போன பட்டறையின் முதலாளியோ அதே வருஷம் புதுக் கார் வாங்கினார். அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சட்டம் என்றால் எனக்கு அந்த மைசூர்பாகு வாசனைதான் வரும்.

4

என் மகள் தர்ஷினி இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். தோழிகளோடு மலாய், தம்பி முறையுள்ள பையன்களோடு ஆங்கிலம், காசு வேண்டுமென்றால் மட்டும் என்னோடு சுத்தத் தமிழ். ஆயுத பூஜைக்கு அவள் வைத்திருக்கும் பெயர் "அந்த லெமன் திங்".

பாதுகாப்புப் பொறுப்பாளருக்கான வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். எல்லாம் மலாயில். எனக்குத் தெரிந்தது பாசாரில் மீன் வாங்குகிற மலாய். கொடுத்த புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மகளிடம் நீட்டினேன். அவள் கைப்பேசியைக் கீழே வைக்காமலே படித்துச் சொன்னாள்.

"அப்பா, ஆபத்து வர்ற மாதிரி இருந்தா ஆளுங்க வேலைய விட்டுட்டு எழுந்து போகலாமாம். அதுக்குப் பாஸ் பனிஷ் பண்ணக்கூடாதாம். சட்டமே சொல்லுது, நல்லாத்தானே இருக்கு?"

"எழுந்து போய் எங்கே போறது?"

"என்னாப்பா இது! சேஃபான எடத்துக்கு லா."

"மறுநாள் காலையிலே எங்கே போறது?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க எதையும் நம்ப மாட்டீங்க. ரொம்ப சூசா உங்களோட, கஷ்டம்" என்று எழுந்து போனாள். பச்சை விளக்கு எரிந்தால் இரண்டு பக்கமும் பார்க்காமல் சாலையைக் கடக்கிற பிள்ளை அவள். நான் பச்சை எரிந்தாலும் கார் ஓட்டுகிறவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பேன். இந்த ஊர் அவளுடையது, எனக்கு இன்னும் அடுத்தவர் ஊர்தான் என்பது அப்படிப்பட்ட நேரங்களில் சுருக்கென்று உறைக்கும்.

5

பிரஸ் இயந்திரத்தின் இரு பக்கத்திலும் சென்சார் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கும். குறுக்கே கை வந்தால் இயந்திரம் நின்றுவிடும். பழுது பார்க்கும்போது மட்டும் அதை நிறுத்தி வைக்க ஒரு சாவி உண்டு. அந்தச் சாவி பொறுப்பானவர் கையில் இருக்க வேண்டும் என்று வகுப்பில் தலையிலடித்துக்கொண்டு சொன்னார்கள்.

எங்கள் தொழிற்சாலையில் சாவி எப்போதும் இயந்திரத்திலேயே சொருகியிருக்கும். எண்ணெய்த் துளி பட்டாலும் சென்சார் இயந்திரத்தை நிறுத்திவிடும், நின்றால் உற்பத்தி குறையும், குறைந்தால் லிம்முக்குப் பிடிக்காது. வகுப்பு முடிந்து வந்த அன்றே அவரிடம் போனேன்.

"தவுக்கே, சாவிய எடுத்து என்கிட்ட குடுத்துடுங்க."

"இந்த ஆர்டர் போகட்டும் லா மணி. அப்புறம் பாக்கலாம்."

நாங்கள் இருவர் மட்டும்தான் அறையில் இருந்தோம். சொன்னதற்குச் சாட்சி இல்லை என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஆயுத பூஜை வந்தது. ஆயர் ஈத்தாம் சந்தையில் வாழை இலையும் பூசணியும் வாங்கிவந்தார்கள். எல்லா இயந்திரத்தையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பெரிய பிரஸ்ஸுக்குச் செண்டுமல்லி மாலை போட்டோம். பூஜை முடிந்ததும் அச்சின் நடுவில் எலுமிச்சம்பழம் வைத்து ஒரே அழுத்தில் நசுக்குவது வழக்கம். ஊரில் வண்டிச் சக்கரத்துக்குக் கீழே வைப்போமே, அது போலத்தான்.

சேகர் கால்மிதியை அழுத்தினான். இயந்திரம் அசையவில்லை. சேகர் அந்தப் பிரஸ்ஸை இயக்குபவன், ஜுருவிலேயே பிறந்த பையன், இப்போது முப்பதைத் தாண்டியவன். மறுபடி அழுத்தினான். தொங்கிக்கொண்டிருந்த மாலை சென்சாரின் குறுக்கே விழுந்திருந்தது. சாமி காரியத்தில் தடங்கல் என்று ஆளாளுக்கு முகம் மாறியது. மாலையைக் கொஞ்சம் ஒதுக்கினால் போதும். ஆனால் தீபாராதனை காட்டிய மாலையில் யார் கை வைப்பது? காருக்குப் போட்ட மாலை சருகாகித் தானாக உதிரும் வரை விடுகிற ஜனங்கள் நாம்.

படம் எடுக்க வந்து நின்ற லிம் சிரித்தார். "சாவிய திருப்பு லா. சாமிய வெயிட் பண்ண வெக்காத" என்றார்.

சேகர் திருப்பினான். பழம் நசுங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

6

ஊரில் பூஜை போட்ட இயந்திரத்தை அன்று தொட மாட்டோம். மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்துத் தொடங்குவோம். ஜுருவில் ஆர்டர் நல்ல நேரம் பார்க்காது. மறுநாள் காலை மாலையோடும் திருப்பிய சாவியோடும் பிரஸ் ஓடியது.

நான் பார்த்தேன். மாலையைக் கழற்றச் சொல்லலாம் என்று நினைத்தேன். பதவி வந்ததிலிருந்து சக தொழிலாளிகள் என்னைப் பார்க்கும் பார்வை சரியில்லை. நான் வந்து நின்றால் பேச்சு நின்றுவிடும். "கம்பெனி ஆளு சாமி மாலையைக் கழட்டச் சொல்றான்" என்று சொல்லுவார்கள் என்று தயங்கினேன். டீ நேரம் வரட்டும், பக்குவமாகச் சேகரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று அடுத்த இயந்திரத்துக்குப் போனேன்.

டீ நேரத்துக்கு முன்பே அந்தச் சத்தம் கேட்டது. வாடிய செண்டுமல்லி ஒன்று மாலையிலிருந்து உதிர்ந்து அச்சின் மேல் விழுந்திருக்கிறது. சாமிக்குப் போட்ட பூ நசுங்கக் கூடாதென்று சேகர் கையை நீட்டியிருக்கிறான். கால் மிதியின் மேல் இருந்திருக்கிறது. நிறுத்த வேண்டிய சென்சாரைச் சாவி நிறுத்தி வைத்திருந்தது.

இடது கையில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. அவனை நான்தான் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்தேன். அவன் கத்தவில்லை. "அண்ணே, பூவு... பூவு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

7

அன்று மாலை ஆஸ்பத்திரிக்கு லிம் தன் காரிலேயே என்னைக் கூட்டிப்போனார். போகிற வழியில் மெதுவாகப் பேசினார். வேலையிட விபத்து என்பதால் அரசாங்க இலாகாவிலிருந்து அதிகாரி வருவார், விசாரிப்பார்.

"பூஜை நம்ம வேலை இல்ல மணி, உங்க வழக்கம். பூஜைக்காகத்தான் சாவி திருப்புனது. சேகர் திருப்புனான், எல்லாரும் பார்த்தாங்க. நெசந்தானே? நீ சேஃப்டி ஆளு. நீ சொன்னா அவங்க கேப்பாங்க."

சொன்னதில் ஒவ்வொரு துண்டும் உண்மை. சேர்த்துப் பார்த்தால் பொய். விசாரணையில் சேகர்தான் குற்றவாளி என்று முடிவானால், விதியை மீறினான் என்று சொல்லி வேலையை விட்டு நீக்கிவிடலாம். இரண்டு விரல் குறைந்த பிரஸ்காரனுக்கு ஜுருவில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? நான் மாட்டேன் என்றால் குற்றம் அடுத்தபடி என்மேல் இறங்கும். பொறுப்பாளர் என்று என் பெயரைத்தானே எழுதி வைத்திருக்கிறார்கள்? பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

அதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. சேகர் கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தான். லிம் பழக்கூடையை வைத்தார். நான் பேச்சுக்கு எதுவும் கிடைக்காமல், "நேத்து சாயங்காலம் சாவியை ஏன்டா பழையபடி திருப்பி வைக்கலை?" என்று கேட்டுவிட்டேன். சேகர் என்னைப் பார்த்தான், பக்கத்தில் நின்ற லிம்மைப் பார்த்தான், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

8

அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. டீ கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். தன் போத்தலில் தண்ணீர் வைத்திருந்தார். மைசூர்பாகு வேறு வழியில் வந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உள்ளே நுழையும்போது என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். என் வேலை போகும்போல் இருந்தால், சேகர்தான் திருப்பினான் என்று சொல்லிவிடுவது. உண்மைதானே அது?

அவர் முதல் கேள்வியே, "சாவியைத் திருப்பியது நீங்களா? அப்படி ஒரு பேச்சு இருக்கிறது" என்பதுதான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. லிம் முந்திக்கொண்டார். டீ கொடுத்த அன்றே எனக்குத் தெரியும்! அந்தக் கோபத்தில் பயம் போய்விட்டது. மலாயில் சாவிக்குக் குஞ்சி, பூனைக்குக் கூச்சிங். சாவி என்று சொல்ல வந்து, வாய் குழறி, மலாயில் "பூனை எப்போதும் இயந்திரத்துக்குள்தான் இருக்கும்" என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சாவியா?" என்று பொறுமையாகக் கேட்டார்.

"ஆமாம், சாவி. அன்றைக்கு மட்டுமில்லை, மாதக்கணக்காக அதிலேயே இருக்கிறது. எடுத்துத் தாருங்கள் என்று கேட்டேன். ஆர்டர் போகட்டும் என்றார். பூஜையன்று திருப்பச் சொன்னதும் அவர்தான்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "யார் கை திருப்பியது என்பதிலேயே இங்கே எல்லோரும் நிற்கிறீர்கள். கை வைத்தால் நசுங்குகிற இயந்திரத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது முதலாளியின் கடமை. சாவியைக் கண்ட இடத்தில் விடாமல் இருப்பதும் அவர் கடமை. உங்களைப் பொறுப்பாளராகப் போட்டதால் அந்தக் கடமை உங்களிடம் வந்துவிடாது" என்றார்.

யார் கை என்று அவர் மறுபடி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தயாரித்து வைத்த வாக்கியத்துக்கு வேலையே வரவில்லை. அன்று மாலையே, சரிசெய்யும் வரை அந்தப் பிரஸ்ஸை ஓட்டக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். பிறகு கால்மிதி போய், இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தினால்தான் இயங்கும்படி மாற்றினார்கள். சாவி என்னிடம் வந்தது. சேகரைப் பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள், வேலையை விட்டு நீக்கவில்லை. லிம் மேல் நடவடிக்கை என்ன என்பது எனக்குத் தெரியாது. நடந்தால் நம்புகிறேன்.

9

இத்தனையையும் சேகரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். ஜுருவில் அடுக்குமாடி வீடு. கதவைத் திறந்தது அவன் மனைவி பிரேமா. இரும்புக் கதவைத் திறக்காமல், கம்பி வழியாகவே என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.

"தனியாத்தான் வந்தீங்களா அண்ணே?"

"தனியாத்தான்மா."

உட்காரச் சொன்னாள். நான் கைப்பேசியை மேசைமேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பதிவு செய்கிறேனோ என்று நினைக்கிறாள் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. எடுத்து அணைத்துப் பையில் போட்டேன்.

சேகர் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். அதிகாரியிடம் நான் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். லிம் என்னையே மாட்டிவிடப் பார்த்தார் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்தது.

"அது தவுக்கே இல்ல அண்ணே" என்றான் சேகர்.

"பின்னே?"

"நான்தான். ஆஸ்பத்திரிக்கு அந்தம்மா வந்தப்ப, மணி அண்ணந்தான் சாவிய திருப்புனாருன்னு சொல்லிட்டேன்." அவன் கட்டுப்போட்ட கையை மறு கையால் மூடிக்கொண்டான். "நீங்க தவுக்கே கார்ல வந்தீங்க. வந்ததும் வராததுமா சாவியப் பத்திக் கேட்டீங்க. ரெண்டு பேரும் பேசி வெச்சிட்டுத்தான் வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். நீங்க என் தலையில கட்டறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். சாலா, தப்பு என்னோடதுதான் அண்ணே. மன்னிச்சிருங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று பேர் இருந்த வீட்டில், அந்த விபத்துக்குப் பொறுப்பான மனிதர் மட்டும் இல்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம். "போகட்டும் விடுடா" என்று அவன் தோளைத் தட்டினேன். அவன் அழுதான்.

பிரேமா அழவில்லை. காப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, நின்றபடியே கேட்டாள்.

"நெசமா சொல்லுங்க அண்ணே. இவர்தான் திருப்புனாருன்னு நீங்க அந்தம்மாகிட்ட சொல்லவே இல்லையா?"

"இல்லம்மா. சத்தியமாச் சொல்லலை."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "சரி அண்ணே, காப்பி ஆறுது" என்றாள். அவள் நம்பவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.